பூரணியை நான் உயிரோடு வைத்திருந்த வருஷம்

என் மகளுக்கு, அத்தாவின் ஸலாம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஃபோனில் சொன்னாய். குரல் கேட்டதில் சந்தோஷம். ஆனால் நீ ஸ்டேஷனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது உனக்கும் ஞாபகம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஃபோனில் நாம் இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போனோம். அம்மா இறந்து வருஷம் திரும்பி ஓதுகிற பாத்திஹாவுக்கு வந்தவள், எல்லாம் முடிந்து, சாமான்களை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் கேட்டாய். “கடைசி பொஸ்தகத்துல பூரணியத் திரும்பக் கொண்டுவரலாம்னு இருக்கேன் அத்தா. ஆவியப் பிடிச்சு வைக்கிற எந்திரம் ஒண்ணு வருது, அதுல அவ உசுரு மிச்சம் இருந்ததா எழுதிரலாம். இல்லன்னா எனக்கு எழுதவே வரமாட்டேங்கு. அம்மா மூணாவது பொஸ்தகத்தோட கடைசிய கேட்டாளா? பூரணி சாகுறது அவளுக்குத் தெரியுமா?” அதற்குள் வண்டி வந்துவிட்டது. உன் பெட்டி எங்கே நிற்கும் என்று தேடி ஓட வேண்டியதாயிற்று. நான் “பத்திரமா போயிட்டு வாம்மா” என்று மட்டும் சொன்னேன். வண்டி வராமல் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாயால் சொல்ல முடியாத பதில் அது, அதனால் எழுதுகிறேன். நிதானமாக வாசி. எனக்கு அலுப்பாக இருக்கிறது, கை வலிக்கிறது, ஒரே மூச்சில் முடிப்பேனா தெரியாது.

உன் ‘ஆவிக்காடு’ முதல் புத்தகம் வந்தபோது நான் அதைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், வாசிக்கவில்லை. அட்டையில் இரும்புக் கால் முளைத்த ஒரு வண்டி கரிசல் காட்டில் நடந்து போகிற மாதிரிப் படம். பம்புசெட் சாமான் வாங்க வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, இது என்ன மோட்டார் கேட்டலாக்கா?” என்று கேட்டார்கள். நானும் ஆமாம் என்று சிரித்துக்கொண்டேன். உன் அம்மாதான் வாசித்தாள். சர்க்கரை அப்போதே அவள் கண்ணில் கை வைத்திருந்தது, ஆனாலும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தாள். வாசித்துவிட்டு எனக்குக் கதை சொன்னாள். உலகம் முழுக்க வெயிலிலும் சண்டையிலும் அழிந்துபோய், கரண்டு இல்லை, பெட்ரோல் இல்லை, மிச்சம் இருக்கிற ஜனம் நம்ம கரிசலில் வந்து ஒதுங்கியிருக்கிறது. எரிப்பதற்கு வேலிக்கருவை மரம் மட்டும்தான் இருக்கிறது. அதை எரித்து, ஆவி உண்டாக்கி, அதில் எந்திரம் ஓட்டுகிறார்கள். மணியாச்சியில் பழைய தண்டவாளத்தையெல்லாம் பிடுங்கி வைத்து ஒரு இரும்புக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். அங்கே கொதிகலத்துக்கு விறகு தள்ளுகிற பதினைந்து வயதுப் பிள்ளை அனலி, அந்தக் கொதிகலத்தைப் பழுது பார்க்கிறவள் அவளுடைய அம்மா பூரணி. “உங்க கடையில கெடந்த வால்வையும் வாசரையும் வச்சு வெளயாண்டதுக்கு, ஒரு உலகத்தையே செஞ்சிருக்கா பாருங்க” என்றாள் அம்மா. இரண்டாவது புத்தகம் பாதி வாசிக்கையில் அவளுக்கு எழுத்து கலைந்துவிட்டது. மீதியை வாசித்துக்காட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

கிட்னி போன பிறகு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனது உனக்குத் தெரியும். ஊசி போட்டுக் கட்டிய கையை அசைக்காமல் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். டி.வி. ஒன்று இருந்தது, அதில் நியூஸ்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அம்மாவுக்குத் தலைவலி வரும். அதனால்தான் நான் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். நான் சத்தமாக வாசித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. முதல் நாள் வெட்கமாக இருந்தது, மெதுவாகத்தான் வாசித்தேன். பக்கத்துக் கட்டிலில் இடைசெவலில் இருந்து வருகிற ஒரு சம்சாரி, காடு உழுது பிழைக்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், “அண்ணாச்சி, வாசிக்கிறதுதான் வாசிக்கீக, கொஞ்சம் சத்தமா வாசிங்க, எங்களுக்கும் பொழுது போகணும்லா” என்றார். சிஸ்டர் எழுந்து போய் டி.வி.யை நிறுத்தினாள். அன்றிலிருந்து உன் கதை அந்த வார்டுக் கதையாகிவிட்டது. இடைசெவல்காரருக்கு உன்மேல் ஒரு குறை உண்டு. “மழ பெஞ்ச கரிசல்ல இரும்புக் காலு ஊனுமா? முழங்கால் வரைக்கும் உள்ள போயிரும். ஒங்க மக காட்டுக்குள்ள எறங்குனதே இல்ல போல” என்பார். அடுத்த பக்கத்திலேயே அந்தக் கால் சேற்றில் மாட்டிக்கொண்டதும் கட்டிலில் படுத்தபடியே “சொன்னேன்ல!” என்று கையைத் தூக்கப் பார்த்து சிஸ்டரிடம் ஏச்சு வாங்கினார். அம்மா சிரித்தாள். அந்த மிஷினைக் காட்டி, “எனக்கும் ஒரு கொதிகலம் வச்சிக் குடுத்திருக்காங்க, பூரணிதான் வந்து பாக்கணும்” என்பாள்.

மூன்றாவது புத்தகம் அப்படித்தான் வாசித்துக்கொண்டு போனேன். முன்கூட்டி வாசித்துவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவர்களோடு சேர்ந்துதான் எனக்கும் கதை தெரியும். கடைசி அத்தியாயம் வாசித்த வாரம் நல்ல வாரம் இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் வழக்கமாகப் படுத்திருக்கிற ஒரு பெண்மணி அன்றைக்கு வரவில்லை. இனி வரமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு உன் அம்மாவின் நெஞ்சு பலவீனமாகிக்கொண்டே வருகிறது என்று சொல்லியிருந்தார். உள்ளே வந்து புத்தகத்தைப் பிரித்தேன். கோட்டையில் கொதிகலம் வெடிக்கப்போகிறது. பிள்ளைகள் எல்லாம் உள்ளே மாட்டியிருக்கிறார்கள். ஆவியை வெளியே விடுகிற வால்வை யாராவது ஒருவர் கையால் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அவர்கள் வெளியேற முடியும். பூரணி போய்ப் பிடிக்கிறாள். அந்த இடத்தில் என் கண் வாய்க்கு முன்னால் ஓடிவிட்டது, மகளே. ‘பூரணி கையை எடுக்கவில்லை’ என்று நீ எழுதியிருந்தது தெரிந்தது. அதற்குக் கீழே இருந்ததும் தெரிந்தது. நான் இருமினேன். தண்ணீர் குடித்தேன். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “ம், பெறவு?” என்றாள். கழிவுத்தண்ணீர்க் குழாய் வழியாகப் பூரணி சறுக்கி வெளியே வந்துவிட்டாள் என்று நான் வாசித்தேன். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். வார்டே மூச்சு விட்டது. இடைசெவல்காரர், “அப்பாடா, பொம்பளைன்னா இவதான்” என்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில மாதத்தில் நாலாவது புத்தகம் வந்துவிட்டது. வார்டுக்கு உடனே தெரிந்துவிட்டது, சிஸ்டரே கேட்டாள். நீ பூரணி இல்லாமல் எழுதியிருந்தாய். முதல் பக்கத்திலிருந்து அவள் இல்லை, அவள் இல்லாததுதான் கதையே. நான் அதில் அவளை உட்காரவைக்க வேண்டும். முதலில் ஒரு தந்திரம் செய்தேன். கொதிக்கிற ஆவி பட்டு அவளுக்குத் தொண்டை வெந்துவிட்டது, பேச முடியாது என்று சொல்லிவிட்டேன். பேச்சு இட்டுக்கட்டுகிற வேலை மிச்சமாயிற்று. இரண்டு வாரம் ஓடியது. இடைசெவல்காரர் விடவில்லை. “அந்தம்மாவுக்குப் பேச்சு எப்பத்தான் வரும்? வேப்பங்கொழுந்த அரைச்சுக் குடுக்கச் சொல்லுங்க” என்றார். சரி என்று பேசவைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை. கடையில் உட்கார்ந்து, வருகிற வியாழக்கிழமை பூரணி என்ன சொல்ல வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். புட்வால்வு கேட்டவனுக்கு பேரிங்கை எடுத்துக் கொடுத்தேன். எந்திரத்தில் எல்லாரும் ஏறிப்போகையில் அவளையும் ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்டில் விட்டுவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும். அவர்கள் சாப்பிட்டால் அவளுக்கும் ஒரு கிண்ணம் வைக்க வேண்டும். ஆனால் அவளுக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைக்கவில்லை. நீ எல்லா வேலையையும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாய். எந்த இடத்திலும் அவள் ஓரமாகத்தான் நின்றாள். பழுது பார்க்க ஒன்றும் உடையவில்லை, எதையும் தொடாமல் நின்றாள். நான் அலுத்துப்போனேன். வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது, படுத்துவிடுவேன். அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவதுகூட அவ்வளவு பாரமாக இல்லை.

பிறகு அந்த இடம் வந்தது. அனலி எல்லாரையும் விட்டுத் தனியாகப் போய், நின்றுபோன எந்திரத்தின் காலில் ஏறி உட்கார்ந்து, வெறும் காட்டைப் பார்த்து “அம்மா” என்று கத்துகிற இடம். நீ அதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். தாண்டிப்போக முடியாது, அதற்குப் பின்னால் வருகிற எல்லாம் அதில் தொங்குகிறது. நான் வாசித்தேன். பூரணி அவளுக்குப் பின்னால் நின்றாள் என்று இடையில் ஒரு வரியைப் போட்டேன். வேறு என்ன செய்வேன்? அனலி மறுபடியும் கத்தினாள். பூரணி நின்றுகொண்டே இருந்தாள். இடைசெவல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன புள்ள இது? பெத்தவ பின்னாடிதான நிக்கா? திரும்பிப் பாத்தா என்ன? கழுத்துத் திரும்பாதா? இப்பிடியும் ஒரு திமிரா?” என்று அனலியை ஏசினார். நான் புத்தகத்தை மூடி, இன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து ஆட்டோவில் வரும்போது உன் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். ரயில்வே பாலம் தாண்டினதும் மெதுவாகச் சொன்னாள், “பூரணிய விட்ருங்க. பாவம், எவ்வளவு நேரம் நிப்பா.”

“என்ன சொல்லுத?” என்றேன்.

“அவ மூணாவது பொஸ்தகத்துலயே செத்துட்டாள்லா. குழா வழியா வந்தான்னு நீங்க சொன்னப்பவே தெரியும். எம்மவ தமிழு எனக்குத் தெரியாதா? அவ எழுதுனத நீங்க வாசிச்சா தண்ணி மாதிரி ஓடும். பூரணி வார எடத்துல மட்டும் நட்டு போல்ட்டு உருளுத மாதிரி இருக்கும்.”

“அப்பமே சொல்ல வேண்டியதுதான?”

“எதுக்கு? கலியாணம் ஆன நாள்ல இருந்து நீங்க என்கிட்ட இவ்வளவு பேசுனதே இல்ல. கேக்கதுக்கு நல்லாருந்துச்சு. அதான் கம்முனு இருந்தேன்.” வீடு நெருங்கினதும், “அடுத்த தடவ அந்தக் கடைசிய உள்ளபடி வாசிங்க. வார்டுலயே வாசிங்க. அவியளும் நம்பிக்கிட்டு இருக்காகல்லா” என்றாள்.

வியாழக்கிழமை மூன்றாவது புத்தகத்தைத் திரும்பக் கொண்டுபோனேன். முதலில் எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னேன். பூரணி அன்றைக்கே இறந்துவிட்டாள், இத்தனை நாளும் நானாகத்தான் அவளைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எப்போதோ புத்தகத்தை வாங்கி வாசித்திருக்கிறாள், காட்டிக்கொடுக்கவில்லை. இடைசெவல்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உள்ளது உள்ளபடி வாசித்தேன். பூரணி கையை எடுக்கவில்லை. தோல் வெந்து இரும்போடு ஒட்டுகிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். அனலி மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்குப் பூரணி சொல்கிற கடைசி வார்த்தை, ‘அடுப்பைப் பார்த்துக்கோ.’ அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முதலில் பேசினவர் இடைசெவல்காரர்தான், சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அப்போ அந்தப் புள்ள மேல தப்பில்ல. ஆளு இருந்தாத்தான திரும்பிப் பாக்கும்? அது சரியாத்தான் அழுதுருக்கு, நாந்தான் ஏசிட்டேன்.” கதையில் வருகிற ஒரு பிள்ளைக்காக அவ்வளவு வயசானவர் அப்படி வருத்தப்பட்டதை நான் பார்த்தேன், மகளே.

உன் அம்மா என்ன செய்தாள் என்றுதானே கேட்கிறாய். அவள் சிரித்தாள். சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தாள். “‘அடுப்பப் பாத்துக்கோ’ன்னு சொல்லுதா பாத்தீங்களா? அது நான் சொல்லுதது. பால அடுப்புல வச்சிட்டுக் கடைக்கு வாரப்ப நம்ம புள்ளகிட்ட சொல்லிட்டு வருவேன். ஒரு நாளும் பாத்தது கெடையாது, பொங்கிக் கெடக்கும்” என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. “நான் போயிருவேன்னு பயந்திருக்கா. அந்தப் பயத்த யார்ட்டயும் சொல்லாம, மெட்ராஸ்ல ஒத்தையில ஒரு ரூம்ல இருந்து எழுதிருக்கா. பாவம், என் சாவ எனக்கு முந்தி அவ போயிப் பாத்துட்டு வந்திருக்கா. நம்ம பக்கத்துல இல்லாமப் போயிட்டோமே” என்றாள். அவள் கண்ணீர் விட்டது அதற்குத்தான். பூரணி செத்ததற்கு இல்லை, உனக்காகத்தான். உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். “எழுதுத புள்ளைக்குக் கை நடுங்கிரும்” என்றாள். அதனால்தான் இவ்வளவு நாள் சொல்லவில்லை. இப்போது எழுதவே வரவில்லை என்று நீயே சொல்லிவிட்டாய், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. நாலாவது புத்தகத்தை, பூரணி இல்லாமல், முதலில் இருந்து வாசித்தேன். முக்கால்வாசி கேட்டாள்.

நீ இத்தனை மாதமாக என்ன நினைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. பூரணி சாவதை நீ எழுதியதால்தான் அம்மா போய்விட்டாள் என்று உனக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பாத்திஹா அன்றைக்கு எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நீ அடுப்படியில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வெற்றுத்தட்டு கையில் இருந்தது. பின்னால் வந்து நின்ற என்னை நீ பார்க்கவில்லை. வார்டில் வாய் ஓயாமல் பேசியவன், சொந்த மகளிடம் ஒரு வாய் சாப்பிடு என்று சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். என் குணம் அப்படி, இனி மாறாது. எழுத்தில் சொல்கிறேன், பேசினதாக எடுத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அந்த ரூமில் தனியாகவே கிடக்காதே. யாராவது கூப்பிட்டால் போ. எழுத வராத நாளில் எழுதாதே, அதற்காக யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள். பதிப்பகத்தார் காத்திருக்கட்டும். வாசிக்கிற பிள்ளைகள் காத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை உண்டு. எழுதாமலேயே விட்டாலும் நீ என் மகள்தான்.

ஆனால் பூரணியை எழுப்பட்டுமா என்று கேட்டாய். அதில் எனக்கு அனுபவம் இருப்பதால் சொல்கிறேன். உன் வாசகர்களும் அதைத்தான் கேட்பார்கள். நானும் ஆசைப்பட்டுத்தான் செய்தேன். செத்தவளை உயிரோடு வைத்திருப்பது லேசான வேலை இல்லை, மகளே. சாப்பாட்டு வேளைக்குக் கிண்ணம் வைக்க வேண்டும், வண்டியில் இடம் விட வேண்டும், பேச்சு கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தும் அவள் வரமாட்டாள். பின்னால் நிற்பாள், அவ்வளவுதான். இருக்கிற பிள்ளை திரும்பிப் பார்த்தாலும் கண்ணில் பட மாட்டாள், அழுதால் அந்தப் பிள்ளைக்குத்தான் ஏச்சு விழும். நீ எந்திரம் வைத்து, ஆவி பிடித்து, என்னைவிட நூறு மடங்கு அழகாகச் செய்வாய். அப்படியும் அது பூரணியாக இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளை விட்டுவிடு.

எனக்கு அறுபத்தாறு முடிந்துவிட்டது. கடையைச் சாயங்காலம் சீக்கிரமே அடைத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், எந்தச் சேரில் உட்கார்வது என்று ஒரு நிமிஷம் தெரியாமல் நிற்கிறேன். கதை சொல்கிற தெம்பு எல்லாம் அந்த வருஷத்தோடு தீர்ந்துபோயிற்று, இனி என்னால் ஒரு வரிகூட இட்டுக்கட்ட முடியாது. நீ எப்போதாவது எழுத உட்கார்ந்தால், பூரணி இல்லாத வீட்டில் அனலி காலையில் எழுந்து முதல் வேலையாக என்ன செய்கிறாள் என்பதை மட்டும் கொஞ்சம் விவரமாக எழுது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உன் அத்தா